கட்டிலுக்கடியில் ஒரு 'கோல்ற்'

"அண்ணை, பெடியன்ரை கட்டிலுக்குக் கீழை துவக்கு ஒண்டு கிடக்குது. இவருக்கு இன்னும் சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ."

ஜேர்மனியின் றூர் பிரதேசத்திலுள்ள ஒரு நகரிலிருந்து, எமக்கு நெடுநாள் அறிமுகமான தாயார் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்த செய்தி இது. அவரது குரல் நடுங்கியதில் வியப்பேதும் இல்லை. துவக்குச் சத்தம் கேளாத இடம் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பம் அது. தந்தையார் ஊரில் தச்சுத் தொழில் செய்தவர். இங்கே களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. மகனுக்கு வயது பதினேழு. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த நாட்டில்தான். மறுநாள் மாலையே நாம் அங்கு சென்றோம்.

சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, துவாய் ஒன்றில் சுற்றப்பட்டு அந்தப் பொருள் கிடந்தது. தாயார் அதைத் தும்புத்தடியால் வெளியே இழுத்து, துவாயைப் போட்டு அள்ளி எடுத்தாராம். துவாயை விலக்கியபோது நாமும் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கருநீலக் குழல், ஆறு துளைகள் கொண்ட உருளை, வளைந்த பழுப்பு நிறக் கைபிடி. ஏறத்தாழ ஒரு கிலோ எடை. துப்பாக்கிகளை விலைக்கு வாங்கிப் பழகியவர்கள் அல்லர் நாம். அவற்றின் வாய்ப்பக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள். எது மெய், எது பொய் என்று எமக்கு எங்ஙனம் தெரியும்?

பாடசாலையால் வந்த மகன் நிலைமையைக் கண்டு முதலில் சிரித்தான். பின்னர் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்த காந்தத்தைக் கழற்றி வந்து குழலின் மீது வைத்தான். ஒட்டவில்லை, வழுக்கி மேசையில் விழுந்தது. "அம்மா, இது இரும்பே இல்லை" என்றான். குழலின் வாயை எமக்குக் காட்டினான். விரல் நுனி அளவுக்கு உள்ளே சென்றதும் துளை அடைபட்டிருந்தது. ஞாயிறு பழம்பொருட் சந்தையில் நாற்பது யூரோ கொடுத்து வாங்கினானாம். எதற்கு? "அந்தப் படத்திலை வாற துவக்கு மாதிரிச் செய்யப் போறன்."

அந்தப் படம் எது, 'செய்வது' என்றால் என்ன என்று அறியப் போய்த்தான் இக்கட்டுரை பிறந்தது.

அவனுக்கு இக்கலையைச் சொல்லிக் கொடுப்பவர் அயல்தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஜேர்மனியர் ஒருவர். தொழிற்சாலையில் கருவிகள் கடைந்து ஆயுளைக் கழித்தவர். அவரது வீட்டின் நிலவறையில் சுவர் முழுவதும் சுழல் துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அனைத்தும் அமெரிக்க 'வெஸ்ரேர்ண்' திரைப்படங்களில், அதாவது குதிரையும் தொப்பியும் புழுதியுமாக வரும் கௌபோய்ப் படங்களில், இன்ன நடிகர் இன்ன காட்சியில் ஏந்தியது என்று பெயர் சொல்லத்தக்க மாதிரிகள். ஜேர்மனியருக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் வினவலாம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியைக் கண்ணாற் காணாமலே அதைப் பற்றிக் கதைகள் எழுதிக் குவித்த கார்ல் மே என்னும் எழுத்தாளர் இந்நாட்டவர். மியூனிச் நகரில் கௌபோய்க் கழகம் ஒன்று 1913ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. கார்ல் மே தமது கதைநாயகனின் புகழ்பெற்ற துப்பாக்கிகளைத் தமக்கே உரியவை என்று சொல்லி, கொல்லர் ஒருவரிடம் செய்வித்து வீட்டில் வைத்திருந்தார். அவை இன்றும் றாடெபொய்ல் நகரிலுள்ள அவரது அரும்பொருட் காட்சியகத்தில் உள்ளன. கற்பனையில் இருந்த ஆயுதத்துக்கு உருக்கொடுக்கும் இந்த ஆசையை, ஆகவே, நேற்று முளைத்த பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

பெரியவர் முதலில் ஒரு துப்பாக்கியை எடுத்து, எதுவும் பேசாமல், பின்புறத்திலுள்ள குதிரையைக் கட்டைவிரலால் மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தார். ஊரில் வேட்டைக்காரர் குதிரை என்று அழைக்கும் அந்தச் சுத்தியல் பகுதியைத்தான் சொல்கிறோம். நான்கு தடவை 'டிக்' என்ற ஒலி கேட்டது. "கோல்ற் என்ற பெயரில் நான்கு எழுத்து, இதற்கு நான்கு சத்தம்" என்றார். முதலாவது, குதிரையைச் சற்று உயர்த்தி நிறுத்தும் காப்புப் பள்ளம். இரண்டாவது, ரவை போடுவதற்காக உருளையைச் சுற்ற விடும் நிலை. மூன்றாவது, உருளையைப் பூட்டும் நாக்கு விடுபடும் ஓசை. நான்காவதில் குதிரை முழுதாகப் பின்வாங்கி நிற்கும். பையன் வாங்கிய மாதிரியில் இரண்டு ஒலி மட்டுமே கேட்டது. மலிவான மாதிரிக்கும் நல்ல மாதிரிக்கும் உள்ள வேற்றுமையைக் காதாலேயே அறியலாம் என்று பெரியவர் கூறியபோது, நல்ல நாகசுரத்தையும் கெட்ட நாகசுரத்தையும் பற்றி ஊர்ப் பெரியவர்கள் கதைப்பது எமக்கு நினைவுக்கு வந்தது.

மூலப் பொருளைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 1873ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ற் நிறுவனத்தின் ஆறு ரவைச் சுழல் துப்பாக்கி அது. 'பீஸ்மேக்கர்', அதாவது சமாதானம் செய்பவன், என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஆயுதத்துக்குச் சமாதானத்தின் பெயர் வைக்கும் வழக்கம் எமக்கும் புதிதன்று. ஒவ்வொரு வெடிக்கும் குதிரையைக் கையால் இழுத்தாக வேண்டும். ரவைகளை ஒவ்வொன்றாக ஒரு சிறு கதவின் வழியே போட வேண்டும். வெறுங் கூடுகளையும் ஒவ்வொன்றாகவே ஒரு கம்பியால் தள்ளி எடுக்க வேண்டும். குதிரை தவறிப் பட்டால் வெடித்துவிடும் என்பதால் விபரம் தெரிந்தவர்கள் ஆறு துளைக்கு ஐந்து ரவையே போட்டுத் திரிந்தனர். குழலின் நீளம் மூன்று வகை: குதிரைப் படைக்கு ஏழரை அங்குலம், பீரங்கிப் படைக்கு ஐந்தரை, பொதுமக்களுக்கு நாலேமுக்கால். திரையில் நாம் அதிகம் பார்ப்பது கடைசி இரண்டையுமே. குழல் குட்டையானால் தோலுறையிலிருந்து விரைவாக உருவலாம் அல்லவா?

ஏறத்தாழ 357,000 துப்பாக்கிகளைச் செய்த பின்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோல்ற் நிறுவனம் இந்த மாதிரியைக் கைவிட்டது. பழைய சரக்கு, இனி எவர் வாங்குவர் என்று எண்ணினார்கள். ஆனால் 1950களில் அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது. மாலை தோறும் திரையில் கௌபோய் வந்தான். 1955இல் ஆரம்பித்த 'கன்ஸ்மோக்' என்ற தொடர் இருபது ஆண்டுகள் ஓடியது. பிள்ளைகள் பொட்டுவெடித் துப்பாக்கி கேட்டனர். தந்தையர் உண்மையான துப்பாக்கியே கேட்டனர். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிறேற் வெஸ்ரேர்ண் என்ற நிறுவனம் 1954இல் கோல்ற்றின் நகலைச் செய்து விற்கத் தொடங்கியது. இதைக் கண்ட கோல்ற் நிறுவனமும் 1956இல் பழைய மாதிரியை மீண்டும் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. திரையில் ஓடிய பொய், தொழிற்சாலையில் நின்றுபோன யந்திரத்தை மீண்டும் ஓட வைத்த விந்தை இது.

அதைவிடப் பெரிய விந்தை இத்தாலியில் நடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்தது. அக்காலப் போர்களை மீள நடித்துக் காட்டுவோருக்குத் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. நேவி ஆர்ம்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய வால் போர்ஜெற் என்ற அமெரிக்க வணிகர், 1950களின் இறுதியில் வட இத்தாலியில் பிறெஷியாவுக்கு அருகிலுள்ள கார்டோனே வல் த்ரொம்பியா என்ற மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். 1526ஆம் ஆண்டிலேயே வெனிஸ் நகர ஆயுதசாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்குப் பத்திரம் வைத்திருக்கும் பெரெற்றா குடும்பத்தின் ஊர் அது. தலைமுறை தலைமுறையாகக் குழல் துளைப்பதே அங்குள்ளவர்களின் சீவனம். அவ்வூரில் அல்டோ உபேர்ற்றி என்பவர் 1959இல் தொடங்கிய பட்டறை, கோல்ற் நிறுவனத்தின் 1851ஆம் ஆண்டு மாதிரியான 'நேவி' துப்பாக்கியை அச்சொட்டாகச் செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தது. பின்னர் பியெற்றா முதலிய நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின. அமெரிக்க வீரன் இடுப்பில் தொங்கும் துப்பாக்கி பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளியின் கைவேலை. அங்கு செய்யப்படும் ஒவ்வொரு துப்பாக்கியும் அரச சோதனைச் சாலையில் வெடித்துப் பார்க்கப்பட்டு முத்திரை பெறுகிறது. முத்திரைக்கு அருகில் சிறு கட்டத்துக்குள் காணப்படும் இரண்டு எழுத்துக்கள் செய்த ஆண்டைக் குறிப்பன. சேகரிப்போர் பூதக்கண்ணாடி வைத்து முதலில் தேடுவது அந்த எழுத்துக்களையே.

துப்பாக்கி இத்தாலிக்குப் போன பின் படம் மட்டும் அமெரிக்காவில் நிற்குமா? சேர்ஜியோ லியோனே என்ற இத்தாலிய இயக்குநர், கிளின்ற் ஈஸ்ற்வூட் என்ற அமெரிக்க நடிகரை அழைத்து, ஸ்பெயினின் அல்மேரியா பாலைநிலத்தை அமெரிக்காவாகக் காட்டி, 1964, 1965, 1966 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் எடுத்தார். எமது பையன் சொன்ன 'அந்தப் படம்' இவற்றில் மூன்றாவது: 'த குட், த பாட் அன்ட் த அக்லி'. அதில் ஈஸ்ற்வூட் ஏந்தும் 1851 நேவி மாதிரித் துப்பாக்கியின் கைபிடியில் வெள்ளியில் ஒரு நச்சுப் பாம்பு சுருண்டு கிடக்கும். அந்தப் பாம்பைப் பதிப்பதற்காகவே உலகெங்கும் எத்தனையோ பேர் நிலவறைகளில் இரவிரவாக விழித்திருக்கிறார்கள்.

இதிலுள்ள வேடிக்கையையும் பெரியவரே விளக்கினார். படத்தின் கதை நிகழும் ஆண்டு 1862. 1851 நேவி என்பது வெடிமருந்தையும் குண்டையும் முன்புறத்தால் இடித்து நிரப்பி, பின்புறத்தில் செப்புத் தொப்பி மாட்டும் துப்பாக்கி. ஈஸ்ற்வூட்டின் கையிலிருப்பதோ உலோகக் கூட்டு ரவை போடத்தக்கதாக மாற்றியமைக்கப்பட்டது. உருளையைப் பின்னிருந்து முன்னாகத் துளைக்கும் உரிமையை ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் காப்புரிமையாகக் கைக்குள் வைத்திருந்தது. அது 1869இல் காலாவதியான பின்னரே கோல்ற் நிறுவனம் இத்தகைய மாற்றங்களில் இறங்க முடிந்தது. அதாவது, படத்தின் நாயகன் பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் பிறக்கவிருக்கும் துப்பாக்கியால் சுடுகிறான்! இதை அறிந்த பின்னரும் சேகரிப்பாளர் செய்ய விரும்புவது வரலாற்றுத் துப்பாக்கியை அல்ல. பிழையான அந்தத் துப்பாக்கியையே. அதே படத்தில் துக்கோ என்ற பாத்திரத்தில் வரும் ஈலாய் வலாக், கடையொன்றில் பல துப்பாக்கிகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் நல்ல பாகத்தைப் பொறுக்கி, காதருகே வைத்து உருளையைச் சுழற்றிக் கேட்டு ஒரு துப்பாக்கியைப் பூட்டுவார். சேகரிப்பாளர்களுக்கு அது வேதம் போன்ற காட்சி.

திரைப்படத் துப்பாக்கிகளின் உலகில் இத்தகைய பொய்களுக்குக் குறைவில்லை. வயற் ஏர்ப் என்ற சட்டக் காவலர் பன்னிரண்டு அங்குலக் குழல் கொண்ட கோல்ற் வைத்திருந்தார் என்று 1931இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதியது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. தொலைக்காட்சித் தொடர் அதையே காட்டியது. கேள்வி பெருகவே 1957இல் கோல்ற் நிறுவனம் அந்த நீளக் குழலை உண்மையாகவே செய்து விற்றது. வரலாற்று ஆதாரம் உள்ள துப்பாக்கிக்குக் கிடைக்கும் விலையோ வேறு: பில்லி த கிட் என்ற கொள்ளையனை 1881இல் பற் கரற் என்பவர் சுட்டுக் கொன்ற கோல்ற், 2021இல் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது.

இனி, 'செய்வது' என்றால் என்ன என்பதற்கு வருவோம். நாம் நிலவறையில் அதிக நேரம் செலவிட்டதும் இதற்குத்தான்.

பையனின் துப்பாக்கி வார்ப்பு வேலை. துத்தநாகத்தோடு அலுமினியம், மக்னீசியம், செம்பு கலந்த 'ஸமாக்' என்ற கலப்புலோகம். ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்காத் தீவில் 1966 முதல் இயங்கும் டெனிக்ஸ் நிறுவனம் இத்தகைய வெடியா மாதிரிகளுக்குப் பேர்போனது. இதன் மேற்பூச்சைக் கழுவி எடுப்பது முதல் வேலை. உருக்குக்கு நீலமேற்றும் இரசாயனம் இதற்குப் பிடிக்காது. ஆகவே, வேறு இரசாயனத்தால் கருமையாக்கி, பின் நுண்ணிய உருக்குப் பஞ்சால் விளிம்புகளை மட்டும் தேய்த்து வெளுக்க வைக்கிறார்கள். தோலுறையில் உரசும் இடம் எது, விரல் படும் இடம் எது என்று அறிந்து தேய்க்க வேண்டும். எல்லா இடமும் தேய்த்தால் அது பழையதாகத் தோன்றாது, அழுக்காகத்தான் தோன்றும். வார்ப்பில் விட்ட தையல் கோட்டை அரத்தால் ராவி மறைப்பதற்கே பையனுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தனவாம்.

உருக்கினால் ஆன விலையுயர்ந்த மாதிரிகளில் வேலை இன்னும் நுட்பமானது. பழைய கோல்ற் துப்பாக்கியின் உடற்பகுதியை எலும்புக் கரி, மரக் கரி ஆகியவற்றுக்குள் புதைத்துச் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். அப்போது நீலமும் பழுப்பும் சாம்பலுமாக முகில் போன்ற நிறங்கள் தோன்றும். இதைச் சரியாகக் கொண்டுவருபவர் சிலரே. ஏழரை அங்குலக் குழலை நாலேமுக்காலுக்கு வெட்டி, நுனியில் புதிய குறிமுள் பொருத்துவார்கள். குழலிலுள்ள நவீன எழுத்துக்களை ராவி அழிப்பாரும் உளர். ஆனால் வெடிக்கக்கூடிய துப்பாக்கியின் சோதனை முத்திரையிலும் தொடரிலக்கத்திலும் கை வைக்கக் கூடாது. அது பல நாடுகளில் குற்றம். பெரியவர் இந்த இடத்தில் குரலை உயர்த்தியே பேசினார்.

கைபிடிதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஜோன் வெயின் என்ற நடிகரின் கோல்ற்றில் மஞ்சளித்த தந்தம் போன்ற கைபிடி இருக்கும். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1989இல் தடைசெய்யப்பட்ட பின் பிசினை வார்த்தே தந்தம் செய்கிறார்கள். வார்த்ததும் அது பால் வெள்ளையாக இருக்கும். ஐம்பது வருடப் பழுப்பை ஓரிரவில் ஏற்ற என்ன செய்வது? கடுஞ்சாயத் தேநீரில் ஊற வைப்பது! பெரியவரின் அடுப்பருகே இருந்த தேயிலைப் பெட்டியில் சிலோன் என்று அச்சிடப்பட்டிருந்ததை நாம் வாசித்துக்கொண்டோம். அவர் அதைக் கவனிக்கவில்லை.

நாம் சென்ற அன்று பெரியவர் பையனைக் கடிந்துகொண்டதையும் இங்கு எழுத வேண்டும். "இதைச் சந்தையிலிருந்து எப்படிக் கொண்டுவந்தாய்?" என்று கேட்டார். புத்தகப் பையில் போட்டு, ட்ராம் வண்டியில் வந்தேன் என்றான். அவர் முகம் சிவந்துவிட்டது. ஜேர்மனியில் 2008ஆம் ஆண்டின் சட்டத் திருத்தப்படி, துப்பாக்கி போலத் தோன்றும் பொருளைப் பொது இடத்தில் கொண்டு திரிவது தடைசெய்யப்பட்டுள்ளது. தண்டப்பணம் 10,000 யூரோ வரை விதிக்கலாம். பூட்டிய பெட்டிக்குள் வைத்தே எடுத்துச் செல்ல வேண்டும். வெடிக்காது, துளை அடைபட்டது என்ற சமாதானங்கள் செல்லுபடியாகா. தோற்றமே குற்றம்.

எமது வாசகர்கள் பல நாடுகளிலும் பரந்து வாழ்வதால் ஏனைய நாடுகளின் நிலையையும் சுருக்கமாகக் கூறுகிறோம். பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஒக்ரோபர் முதல், மெய் போலத் தோன்றும் மாதிரிகளைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்தது. திரைப்படம், நாடகம், அரும்பொருட் காட்சியகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 1870க்கு முற்பட்ட வடிவங்கள் இத்தடைக்குள் வரா. ஆகவே அங்கே 1851 நேவியின் மாதிரியை விற்கலாம். 1873 கோல்ற்றின் மாதிரியை விற்பதானால் செம்மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறம் பூசியிருக்க வேண்டும். இளஞ்சிவப்புக் கோல்ற் ஏந்திய கௌபோயை வாசகர்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். கனடாவில் மாதிரித் துப்பாக்கிகளை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை. பழங்காலத் துப்பாக்கிகளின் மாதிரிகளுக்கு விலக்கு இருந்தாலும் எது பழங்காலம் என்பதில் நுணுக்கமான வரையறைகள் உண்டு. சுவிற்சர்லாந்தில் 2008 டிசம்பர் முதல், மெய்யானதென மயங்கத்தக்க மாதிரியும் ஆயுதச் சட்டத்தின்படி ஆயுதமே. இந்த நாடுகளில் வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பித்துக் காத்திருப்போர், குற்றப்பதிவு என்ற ஒன்று ஏற்பட்டால் என்னாகும் என்பதை எம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சட்டத்தை விடவும் அச்சம் தருவது வேறொன்று. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில், பூங்காவொன்றில் விளையாட்டுத் துப்பாக்கியோடு நின்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ரமீர் றைஸ், பொலிஸ் வண்டி வந்து நின்ற இரண்டு செக்கன்களுக்குள் சுடப்பட்டு, மறுநாள் இறந்தான். விளையாட்டுத் துப்பாக்கி என்று காட்டுவதற்காகக் குழலின் நுனியில் இருக்க வேண்டிய செம்மஞ்சள் முனை அதில் இருக்கவில்லை. மாதிரிகளை மெருகேற்றுவோர் முதலில் கழற்ற நினைப்பதும் அந்த முனையைத்தான். கறுத்த தோலுடைய பையன் ஒருவன் இருட்டிய தெருவில் அத்தகைய பொருளைக் கையில் எடுத்தால், தூரத்தில் நிற்பவருக்குக் காந்தம் வைத்துப் பார்க்க நேரம் இராது.

படப்பிடிப்புத் தளமும் விதிவிலக்கல்ல. ஹொலிவூட் ஸ்டூடியோக்களுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விட்ட ஸ்ரெம்பிறிட்ஜ் போன்ற நிலையங்களில், குண்டில்லாத வெற்று ரவைகளே கொடுக்கப்பட்டன. பல அளவுத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் 'ஐந்துக்கு ஒன்று' என்ற வெற்று ரவை அங்கே பிரசித்தம். வெற்று ரவையும் அருகில் வைத்து வெடித்தால் கொல்லும். 1984இல் ஜோன் எரிக் ஹெக்ஸம் என்ற இளம் நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் விளையாட்டாகத் தலையில் வைத்து விசையை இழுத்து உயிரிழந்தார். 2021 ஒக்ரோபர் 21ஆம் திகதி நியூ மெக்சிக்கோவில் 'றஸ்ற்' என்ற கௌபோய்ப் படத்தின் ஒத்திகையில், அலெக் போல்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் கொல்லப்பட்டார். அது பியெற்றா நிறுவனத்தின் இத்தாலிய மாதிரி, வெடிக்கக்கூடிய மாதிரி. போலி ரவைகளைக் குலுக்கினால் உள்ளே சிறு குண்டு ஒலிக்கும், அல்லது பக்கத்தில் துளை இருக்கும். குலுக்கிப் பார்க்க வேண்டியது ஆயுதப் பொறுப்பாளரின் கடமை. ரவைகளுக்குள் மெய்யான ரவை கலந்திருந்தது. ஆயுதப் பொறுப்பாளராக இருந்த இளம்பெண்ணுக்கு 2024இல் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. போல்ட்வின் மீதான வழக்கு அவ்வாண்டு யூலையில் தள்ளுபடியானது.

இவற்றையெல்லாம் பையனிடம் சொன்னோம். கவனமாகக் கேட்டான். பின்னர், "நீங்கள் சின்ன வயசிலை துவக்கு வைச்சு விளையாடேல்லையோ, மாமா?" என்று கேட்டான். விளையாடினோம். பூவரசங் கம்பில் துவக்கு. வருடப்பிறப்புக்குத் தகரத் துவக்கும் சுருள் கேப்பும். 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கர்ணன் எடுத்த படங்களில் ஜெய்சங்கர் தொப்பியோடு குதிரையில் வந்தபோது, கொட்டகையில் விசிலடித்தவர்களில் நாமும் இருந்தோம். அது 1970களின் தொடக்கம். அதன் பின் அந்த விளையாட்டை ஊரில் எவரும் விளையாட விரும்பவில்லை. பையனுக்கு அந்தப் 'பின்' இல்லை. அது அவன் குற்றமும் அன்று.

தந்தையாருக்கு விடயத்தைச் சொன்னது தாயார்தான். அவர் கோபிக்கவில்லை. "வீட்டிலை வைக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னாராம். மகன் அறையில் குதிரையை இழுக்கும் ஒலி இரவில் தமக்கும் கேட்டதென்றும், கனவென்று நினைத்துப் பேசாமல் இருந்ததாகவும் பின்னர் எமக்குக் கூறினார். துப்பாக்கி இப்போது பூட்டிய பெட்டியொன்றில் பெரியவரின் நிலவறையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் பையன் அங்கு போகிறான்.

சென்ற மாதம் மகனைக் கூட்டிவரப் போன தந்தையார் வழக்கம்போல் வண்டிக்குள்ளேயே இருந்தாராம். பையன் வெளியே வந்து, பாம்பு பதிப்பதற்காக வால்நட் மரத்தில் தான் வெட்டிய கைபிடித் துண்டுகள் இரண்டைக் காட்டியிருக்கிறான். அவர் வண்டியின் உள்விளக்கைப் போட்டு, துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இழையைக் குறுக்காலை வெட்டிப்போட்டாய், பிளக்கும்" என்றார். கழித்துவிட்ட மரத்தில் இன்னும் துண்டு இருக்கிறதா என்று கேட்டு வரச் சொன்னார். இருந்தது. அன்றிரவு வேலைக்குப் போகுமுன், சமையலறை மேசையில் பழைய கடதாசியை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சிறு உளியால் அதைச் சீவத் தொடங்கினார். இழை நீளவாட்டில் இருந்தது.